மரத்தடியில் என்ன முளைக்கிறது?

பழனி மலையின் உச்சிப் புல்வெளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 1973-க்கும் 2014-க்கும் இடையில் இல்லாமல் போய்விட்டது. அரசுமணியும் அவரோடு பணிபுரிந்த ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட கணக்கு இது. புல் இருந்த இடத்தில் இன்று நிற்பவை பெரும்பாலும் சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன், எஞ்சியதில் விவசாயம். இதே நிலத்தை இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறையால் அளந்தால் இழப்பு எதுவும் தெரியாது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ மரக்கவிகை இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், நட்டதா தானாக வந்ததா, நிலம் யாருடையது என்பவை அந்த வரையறைக்குத் தேவையில்லாத கேள்விகள். ஆகவே புல்வெளியைச் சீகை விழுங்கியது அந்த ஏட்டில் வரவாகத்தான் பதிவாகும்.

உண்மையில் அங்கே போனது என்ன? பல வகைப் புற்கள், பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி, மழைக்குப் பின் சில வாரங்கள் மட்டும் தலைகாட்டும் தரை ஆர்க்கிட்கள் எல்லாம் வெயிலை நம்பி வாழ்பவை. சீகையின் அடர்ந்த நிழலில் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. சோலையும் புல்வெளியும் மாறிமாறி அமைந்த அந்த உயர்மலை நிலத்தில், புல்வெளியை 'வெற்றுநிலம்' என்று கருதி மரம் நட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு நடவில்லை. மரம் கூடினால் காடு நன்றாக இருக்கிறது என்று மனமார நம்பினார்கள். அந்த நம்பிக்கை இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஒரு காடு சரியாகப் பேணப்படுகிறதா என்று அறிய அதன் செடி கொடி மரங்களைப் பார்க்க வேண்டும் என்பதை இன்று பல நாடுகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதில் பெரும் பிழைகள் நடக்கின்றன.

காட்டை அழியாமல் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் ஒரு கோட்பாடாக எழுதிவைத்தவர்களில் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் முக்கியமானவர். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்தவர். வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரம் போதாமல் தவித்த காலத்தில், 1713-இல், காடு வளர்ப்பைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். வளரும் அளவுக்கு மிகாமல் வெட்டு, வெட்டிய இடத்தில் நடு என்பது அதன் சாரம். அவருடைய கவலை நேர்மையானது. ஆனால் அது முழுக்க மரக்கட்டையைப் பற்றிய கவலை. அடுத்த நூறு ஆண்டுகளில் ஜெர்மன் வனவியல் இந்த எண்ணத்தைக் கணிதமாக்கியது. ஒரே வயது, ஒரே இனம், நேர்வரிசை. ஆண்டுக்கு இத்தனை கன அடி. கலப்புக் காடுகள் இருந்த இடமெல்லாம் ஸ்ப்ரூஸ், பைன் தோப்புகளாயின. முதல் தலைமுறை மரம் செழித்தது. பின்னால் வந்த தலைமுறைகளில் பல இடங்களில் மண் சளைத்தது. பூச்சியும் புயலும் தோப்புகளை மொத்தமாகச் சாய்த்தன.

அந்தப் பள்ளியில் வளர்ந்த சிந்தனைதான் இங்கே வந்தது. பர்மாவின் பெகு தேக்குக் காடுகளை 1856 முதல் கவனித்த டீட்ரிக் பிராண்டிஸ், 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஷ்லிக்கும் ரிப்பன்ட்ராப்பும் ஜெர்மானியர்களே. அதற்கு முன்பே, 1840-களில், மலபார் கலெக்டர் கனோலியின் காலத்தில் சாத்து மேனன் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் எழுப்பிவிட்டார். ஆனைமலையின் டாப்சிலிப் பக்கம் ஹியூகோ வுட் தேக்கை மீட்டெடுத்த கதை தமிழ்நாட்டு வனத்துறையில் இன்றும் பெருமையோடு சொல்லப்படுவது. அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. வெட்டி மொட்டையாகக் கிடந்த மலையில் மீண்டும் மரம் நின்றது என்பது சாதாரணச் செயல் அல்ல, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் 'காடு தொடர்கிறது' என்று அந்த ஏடுகள் சொன்னபோது, தேக்கு தொடர்கிறது என்பதே பொருள். கூடவே இருந்த மற்ற மரங்கள் வனத்துறை ஏட்டில் பெரும்பாலும் 'இதர மரங்கள்' என்ற தலைப்புக்குள் ஒதுங்கின.

1992 ரியோ மாநாட்டுக்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. நிலைத்த வன மேலாண்மை என்றால் என்ன என்பதற்கு அளக்கக்கூடிய அடையாளங்கள் வேண்டும் என்று நாடுகள் குழுக்குழுவாக உட்கார்ந்து பேசின. ஐரோப்பிய நாடுகள் ஒரு பட்டியல் தயாரித்தன. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மித வெப்ப மண்டல நாடுகள் மாண்ட்ரியல் நடைமுறை என்ற பெயரில் 1995-இல் ஏழு அளவுகோல்களை ஒப்புக்கொண்டன. அவற்றில் முதலாவது உயிர்ப்பன்மைப் பாதுகாப்பு. இந்தியாவில் போபாலிலுள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனம் 1990-களின் கடைசியில் நம் காடுகளுக்கேற்ற ஒரு வரிசையை உருவாக்கியது. இந்தப் பட்டியல்களில் ஐரோப்பியப் பட்டியல் எனக்குப் பிடித்தமானது. மர இனங்களின் கலப்பை மட்டும் கேட்காமல், கன்றுகள் தாமாக வருகின்றனவா, காடு எவ்வளவு தூரம் மனிதத் தலையீட்டுக்கு உட்பட்டிருக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவந்த மரங்கள் எவ்வளவு, பட்டுவிழுந்த கட்டை எவ்வளவு கிடக்கிறது என்றும் கேட்கிறது. பட்ட மரத்தையும் காட்டின் சொத்தாக எண்ணுவதற்கு அவர்களுக்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நம் வன அளவை நிறுவனமும் 2019 அறிக்கையில் முதன்முறையாக நாடு முழுவதும் காடுகளின் தாவரப் பன்மையை வேகமாக மதிப்பிட்டு வெளியிட்டது. மரம், புதர், சிறுசெடி மூன்றையும் சேர்த்த இனங்களின் எண்ணிக்கையில் அருணாசலப் பிரதேசம் முதலிடம். அடுத்து தமிழ்நாடும் கர்நாடகமும். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இதிலிருந்து தமிழ்நாட்டுக் காடுகள் நன்றாகப் பேணப்படுகின்றன என்று முடிவுகட்ட முடியுமா? முடியாது. கடலோரக் காடு, முட்காடு, இலையுதிர் காடு, பசுமைமாறாக் காடு, சோலை என்று இத்தனை வகை நிலம் ஒரே மாநிலத்துக்குள் அமைந்ததால் வந்த எண்ணிக்கை அது. மேற்குத்தொடர்ச்சி மலையும் இரண்டு பருவமழையும் தந்ததை வனத்துறையின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்ணிக்கை ஏமாற்றும் விதங்களில் இது ஒன்று. முதுமலையில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம் 1988-இல் ஐம்பது ஹெக்டேர் நிரந்தர ஆய்வுத்திடல் ஒன்றை அமைத்தது. ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டும் எண்ணிட்டு அளக்கப்பட்டது. இருபத்தையாயிரத்துக்கு மேல் தண்டுகள். இனங்கள் எழுபதை ஒட்டி. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் இதே அளவுத் திடலில் சுமார் 300 இனங்கள். மலேசியாவின் பாசோவில் 800-க்கும் மேல். இதைக் கொண்டு முதுமலை மட்டம், பாசோ உயர்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மழையும் மண்ணும் வேறு. ஒரு காட்டை அதன் நேற்றோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்காகத்தான் அந்தத் திடலை மீண்டும் மீண்டும் அளக்கிறார்கள். அப்படி அளந்தபோது தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் கணக்கில் தலைகளின் எண்ணிக்கையில் முன்னணியில் இருந்தது கைடியா காலிசினா என்ற நடுத்தர மரம். அடுத்தடுத்த கணக்குகளில் அது சரசரவென்று இறங்கியது. முதன்மைக் காரணம் யானை. ஒடித்துத் தின்பதற்கு அதற்கு மிகவும் பிடித்த மரம் அது. யானைகளைக் காப்பதும் நோக்கம், மரங்களைக் காப்பதும் நோக்கம் என்னும் புலிகள் காப்பகத்தில் இதைச் சீரழிவு என்பதா, காட்டின் இயல்பான ஓட்டம் என்பதா? எண் இதைச் சொல்லாது. காட்டை அறிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதைவிட, ஒவ்வொன்றும் எத்தனை நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது மேல். நூறு மரம் உள்ள இரண்டு திடல்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பத்து இனங்கள். முதல் திடலில் ஒவ்வொன்றிலும் பத்து மரம். இரண்டாவதில் ஒரே இனம் தொண்ணூற்றொன்று, மற்ற ஒன்பதும் ஒவ்வொன்று. ஷானன் குறியீடு முதல் திடலுக்கு 2.30, இரண்டாவதற்கு 0.50 என்று வரும். இதை இனங்களின் கணக்காகத் திருப்பினால், முதலாவது பத்து இனக் காடுபோல நடந்துகொள்கிறது. இரண்டாவது இரண்டு இனம்கூட இல்லாத தோப்புபோல. பயனுள்ள சூத்திரம். ஆனால் இதற்கும் ஒரு குருட்டுத்தனம் உண்டு: எந்த இனம் என்று கேட்காது. மழைக்காட்டு மரமான வெடிப்பலாவும் அந்நியக் களையான உண்ணிச்செடியும் அதற்கு ஒன்றுதான்.

இந்தக் குருட்டுத்தனத்தால் வரும் ஆபத்தை மழைக்காட்டில் தெளிவாகப் பார்க்கலாம். அடர்ந்த பசுமைமாறாக் காட்டில் சில பெரிய மரங்களை வெட்டி எடுத்தால், கவிகையில் ஓட்டை விழுந்து வெயில் தரையைத் தொடும். வெயிலுக்காகக் காத்திருந்த வட்டக்கண்ணி போன்ற வேகமரங்கள் முளைக்கும், கொடிகள் ஏறும், ஓரத்திலிருந்து உண்ணிச்செடியும் குரோமோலேனா என்ற களையும் நுழையும். வால்பாறை போன்ற இடங்களில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காப்பிக் கன்றுகள்கூடக் காட்டுக்குள் பரவியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பழைய மரங்களும் இன்னும் நிற்கின்றன, புதியவையும் வந்துவிட்டன. இப்போது ஒருவர் வந்து எண்ணினால் முன்பைவிட இனங்கள் அதிகம். மிதமான குலைவு இன எண்ணிக்கையைக் கூட்டும் என்று ஜோசப் கானல் 1978-இல் வைத்த கருத்து இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. ஆனால் வெட்டிய சில ஆண்டுகளில் எண்ணிக்கை கூடித் தெரிவது பல காடுகளில் கண்ட உண்மை. ஐந்தாண்டுக்கொருமுறை இன எண்ணிக்கையை மட்டும் எழுதும் ஓர் அலுவலகம், காடு சிதையத் தொடங்கியதை முன்னேற்றம் என்று கோப்பில் எழுதிவைக்கும். அதே நேரத்தில் அடுத்தடுத்த மலைகளிலும் வந்து சேர்வது அதே ஏழெட்டுச் செடிகள். ஒவ்வொரு மலையும் தனித்தனியே வளம் கூடியதாகத் தெரியும். எல்லா மலையும் ஒன்றுபோலாகிக்கொண்டிருக்கும்.

இதற்கு மாற்று, காட்டை அடுக்கடுக்காகப் படிப்பது என்று கருதுகிறேன். கவிகையில் நிற்கும் மரங்கள் நூறு இருநூறு ஆண்டுகளுக்கு முன் விழுந்த விதைகள். அவை இன்று நிற்பதற்கு இன்றைய வனச்சரகர் பொறுப்பல்ல. ஒரு சோலையில் நாற்பது வகைப் பெருமரம் நிற்கிறது என்பது, நம் கொள்ளுப்பாட்டன் காலத்தில் அங்கே நாற்பது வகைக் கன்று பிழைத்தது என்பதற்கான சாட்சி. இன்றைய பராமரிப்பு எப்படி என்பதைக் கணுக்கால் உயரத்திலும் முழங்கால் உயரத்திலும்தான் தேட வேண்டும். முதியவர்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஊர்களை நாம் அறிவோம். வீடுகள் நிறைந்திருந்தாலும் அந்த ஊருக்கு என்ன நடக்கிறது என்பது பள்ளிக்கூடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். காட்டிலும் அப்படித்தான். நலமான காட்டில் பெரும்பாலான இனங்களுக்குக் கன்று ஏராளம், இளமரம் அதைவிடக் குறைவு, முதிர்மரம் சில என்று இறங்கிவரும் வரிசை இருக்கும். பெருமரம் உண்டு, கன்று உண்டு, நடுவில் யாருமில்லை என்றால் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் ஏதோ நடந்திருக்கிறது: மேய்ச்சல், தீ, களை, அல்லது விதை பரப்பும் விலங்கின் மறைவு.

கடைசிக் காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் போன்ற மழைக்காட்டு மரங்களின் விதை பெரியது. இருவாச்சி போன்ற பெரிய பறவைகள் விழுங்கித் தொலைவில் போட்டால்தான் ஊர்விட்டு ஊர் போகும். பறவை இல்லாத காட்டில் விதை தாய்மரத்தடியிலேயே குவிந்து, பூஞ்சைக்கும் எலிக்கும் இரையாகும். மழைக்காட்டு விதைகளில் பல சில வாரங்களுக்குள் முளைக்காவிட்டால் செத்துவிடும். மண்ணில் சேமித்துவைக்க முடியாது. வேட்டை நடந்த காட்டில் ஒரு மரம்கூட வெட்டப்படாமல், கவிகை அப்படியே இருக்க, அடுத்த தலைமுறை மட்டும் மாறிப்போகும். விண்ணிலிருந்து எடுத்த எந்தப் படமும் இதைக் காட்டாது.

கன்றைப் படித்து மேலாண்மையின் பிழையைக் கண்டுபிடித்த கதைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பிலிகிரி ரங்கன் மலையில் நடந்தது. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், நம் சத்தியமங்கலம் காட்டைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் மலை. சோளகர்களின் நிலம். 1974-இல் அது சரணாலயமானது. சோளகர்கள் வழக்கமாகக் கோடையின் தொடக்கத்தில், சருகு அதிகம் சேருமுன், தரையோடு படரும் சிறுதீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். சரணாலயமானபின் அது குற்றமானது. தீ காட்டுக்கு எதிரி என்பது வனத்துறையின் பழைய பாடம்.

1990-களில் அங்கே நெல்லி மரங்களைக் கவனித்த ஆய்வாளர்கள் கன்றுகள் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் யார்மேல் சந்தேகம் விழும்? நெல்லிக்கனி பறித்து விற்கும் சோளகர் மேல்தான். கனியைப் பறித்துவிட்டால் விதை எங்கிருந்து வரும் என்ற வாதம் எவருக்கும் எளிதில் புரிவது. அடுத்த பத்தாண்டில் வனவுயிர்ச் சட்டத் திருத்தத்தைக் காட்டி, விற்பனைக்காகக் காட்டு விளைபொருள் சேகரிப்பது அங்கே நிறுத்தப்பட்டது. ஆனால் அதே மரங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்தவர்கள் கண்ட படம் வேறு. மரங்களைக் கொன்றுகொண்டிருந்தது புல்லுருவி. நெல்லிக் கிளையில் ஒட்டி, அதன் சாற்றை உறிஞ்சி, கிளை கிளையாகப் பட்டுப்போகச் செய்யும் ஒட்டுண்ணி. தரையில் கன்றுகளை மூச்சுமுட்ட வைத்தது உண்ணிச்செடி. கனி பறிப்பின் பாதிப்பு இவற்றோடு ஒப்பிட்டால் சிறிது. சோளகர்கள் இதை முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்: சிறுதீ இருந்த காலத்தில் புல்லுருவியும் இவ்வளவு இல்லை, உண்ணிச்செடியும் இவ்வளவு இல்லை. கனி பறிக்க மரமேறும்போது புல்லுருவிக் கிளையை வெட்டிப்போடுவதும் வழக்கம். மரமேறத் தடை வந்தபின் அந்த வேலையைச் செய்யவும் ஆளில்லை.

உண்ணிச்செடி எந்த வேகத்தில் பரவியது என்பதை பரத் சுந்தரமும் அங்கிதா ஹிரேமத்தும் அளந்தார்கள். காடு முழுக்கப் பரந்த அதே ஆய்வுப் பட்டைகளை 1997 கணக்கோடு 2008-இல் ஒப்பிட்டார்கள். முதல் கணக்கில் இருபது தண்டுக்கு ஒன்று உண்ணிச்செடி. பதினொரு ஆண்டு கழித்து மூன்றில் ஒன்று. அதே காலத்தில் காட்டுமரங்களின் இளந்தலைமுறை மெலிந்துகொண்டு வந்தது. 2011-இல் இந்த மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு சோளகர்களின் சமூக வன உரிமையும் அங்கே அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி நடந்தது இந்தியாவில் அதுவே முதல் முறை. காப்பகத்தின் வனப்பரப்புக் கணக்கைப் பார்த்தால் இந்தக் கதையில் ஒரு வரிகூடத் தெரியாது. கவிகை இருந்தது, பச்சை இருந்தது, புலியும் இருந்தது.

இதற்கு முன்பே, 1970-களின் பிற்பகுதியில், கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் மாதவ் காட்கிலும் நரேந்திர பிரசாதும் மூங்கிலில் இதையொத்த ஒன்றைக் கண்டார்கள். காகித ஆலைக்கு மூங்கில் போய்க்கொண்டிருந்தது. புதருக்குப் புதர் மெலிந்தது. கிராமத்தார் ஆடுமாடு மேய்ப்பதால்தான் என்றது அலுவல்பூர்வக் கருத்து. உண்மை என்னவென்றால், வெட்ட வசதியாக இருக்கட்டும், புதரும் நன்றாக வளரும் என்று, மூங்கில் புதரின் அடியிலுள்ள முள்ளைக் கழித்துவிடுவது நடைமுறையாக இருந்தது. முள் போனதும் இளங்குருத்தை எந்த விலங்கும் எட்டித் தின்ன முடிந்தது. முள்தான் குருத்துக்குக் காவல் என்பது கிராமத்தாருக்குத் தெரிந்திருந்தது. அளந்து பார்த்தபோது அவர்கள் சொன்னதே சரியானது. கன்று வராததை ஒரு குறியாகக் கண்டுகொள்வது பாதி வேலை. ஏன் வரவில்லை என்று கேட்கும்போது, அந்தக் காட்டிலேயே வாழ்கிறவர்களை விட்டுவிட்டுக் கேட்டால் தவறான ஆளைத் தண்டிப்போம்.

களத்தில் இந்த வேலை மிகச் சாதாரணமாகத்தான் நடக்கும். கயிறு கட்டிய ஒரு மீட்டர் சதுரம். ஒருவர் குந்தி உட்கார்ந்து சருகை விரலால் விலக்குவார், மற்றவர் எழுதுவார். விதையிலை இன்னும் உதிராத கன்று ஒன்று. அதன் இனத்தைச் சொல்ல இலையின் விளிம்பு, நரம்பு, கிள்ளினால் வரும் பால், கசக்கினால் வரும் மணம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நாங்கின் தளிர் சிவப்பாகத் தொங்கும், அதைக் கண்டுபிடிப்பது எளிது. நாவல் வகைக் கன்றுகளைப் பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். கன்றைப் பூ, காயை வைத்து அடையாளம் சொல்ல முடியாது என்பதால் பெரிய தாவர நூல்கள் இங்கே பாதிதான் உதவும். அந்தக் காட்டில் நாற்றங்கால் வைத்து விதையை முளைக்கவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் கண் பழகியிருக்கும். வால்பாறையில் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளை மீட்கும் பணியில் இருப்பவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட உள்ளூர் இனங்களை நாற்றங்காலில் வளர்த்தது, நடுவதற்கு மட்டுமல்ல, கன்றைப் படிக்கவும் கற்றுக்கொடுத்தது.

காலமும் முக்கியம். மார்ச் மாதம் முதுமலையில் கணக்கெடுத்தால் தரைச்செடிகளில் பெரும்பகுதி காய்ந்து மறைந்திருக்கும். புற்களைப் பூக்கும்போதுதான் பிரித்தறிய முடியும். சோலையடியில் வாழும் குறிஞ்சி வகைகள் பல ஆண்டுக்கொருமுறை மொத்தமாகப் பூத்து மடியும். மடிந்த மறு ஆண்டு தரை வெறிச்சோடித் தெரியும், அதற்கடுத்த ஆண்டு கன்று மெத்தையாக விரியும். ஒரே ஒரு முறை போய் எண்ணிவிட்டு வந்தவர் இரண்டில் எதைக் கண்டாலும் தவறான முடிவுக்கே வருவார். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் நிரந்தரத் திடலுக்கு ஆண்டாண்டாகப் பணம் கேட்டால் கிடைப்பது கடினம். புதிய திட்டத்துக்குப் பணம் கிடைப்பது எளிது. முதுமலைத் திடல் முப்பதாண்டுக்கு மேலாகத் தொடர்வது, அதை நடத்தியவர்களின் பிடிவாதத்தால்தான்.

பன்மை வெறும் அடையாளம் மட்டுமல்ல, அதுவே வேலை செய்கிறது என்பதற்கும் நம் மலைகளிலிருந்தே சான்று உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையில் ஆய்வு நடத்தி ஆனந்த் ஓசூரியும் பிறரும் 2020-இல் வெளியிட்ட கட்டுரை, பல இனங்கள் கலந்த இயற்கைக் காட்டையும் தேக்கு, யூகலிப்டஸ் தோட்டங்களையும் ஒப்பிட்டது. ஆண்டுக்கு ஆண்டு கரியை ஈர்க்கும் அளவு இயற்கைக் காட்டில் நிலையாக இருந்தது. தோட்டங்களில் மழைக்கேற்ப ஏறி இறங்கியது. வறட்சியில் ஒரு இனம் சோர்ந்தால் இன்னொன்று தாங்கும். கரிக்கணக்குக்காகவே மரம் நடுவதாகச் சொல்லும் திட்டங்கள் இதைப் படித்திருக்க வேண்டும்.

சீகைக்கு வருவோம். அந்நிய மரம் என்றால் வெட்டி எறி என்பது இப்போது நல்ல எண்ணமுள்ளவர்களின் முழக்கமாகிவிட்டது. புல்வெளி ஓரத்தில் புதிதாக ஏறிக்கொண்டிருக்கும் சீகையைப் பிடுங்க வேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் கொடைக்கானல் பக்கத்தில் பழைய சீகைத் தோப்புகளுக்குள் நுழைந்து தரையைப் பார்த்தவர்கள், பக்கத்தில் சோலை மிச்சமிருக்கும் இடங்களில் சோலை மரக் கன்றுகள் அந்த நிழலிலேயே முளைத்து வருவதைக் கண்டிருக்கிறார்கள். அங்கே சீகையை ஒரேயடியாக வெட்டினால் அந்தக் கன்றுகள் வெயிலில் கருகும். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கக்கூடிய சீகை விதைகள் ஒருசேர முளைக்கும். வெட்டு முடிந்த மறுவருடம் முன்பைவிட அடர்ந்த சீகைக் கன்றுக்காடு கிடைக்கும். எந்தத் தோப்பை வெட்டுவது, எதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது, எதை விட்டுவைப்பது என்பதை முடிவு செய்ய, ஒவ்வொரு தோப்பின் தரையிலும் எந்தக் கன்று எத்தனை என்ற கணக்கு வேண்டும்.

தமிழ்நாடு 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழலை மீட்பதற்கும் தனிக் கொள்கையே வகுத்தது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மஞ்சள் பூப் பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரங்கள் பெருமளவில் அகற்றப்பட்டு, காகிதக் கூழுக்கு அனுப்பப்பட்டு வருகின்றன. வரவேற்க வேண்டிய பணி. ஆனால் இத்தகைய பணிகளைப் பற்றிய செய்திகளில் நாம் படிப்பது இத்தனை ஹெக்டேர் அகற்றப்பட்டது, இத்தனை டன் அனுப்பப்பட்டது என்பதையே. அகற்றிய இடத்தில் இரண்டாம் மழைக்குப் பின் என்ன வந்தது? புல்லா, வெக்காலிக் கன்றா, கருமருதா, அல்லது மீண்டும் சென்னாவேயா, அல்லது காலியான இடத்தைப் பிடித்துக்கொண்ட உண்ணிச்செடியா? ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் அதே இடத்தில் கன்றுகளை எண்ணுவதற்கென்றே வைக்கலாம். எண்ணும் வேலையை அந்தந்தக் காட்டின் குறும்பர், இருளர், சோளகர் இளைஞர்களுக்குக் கூலியோடு கொடுக்கலாம். கன்றை அடையாளம் காணும் கண் அவர்களில் பலருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை அகற்றிய ஹெக்டேரை மீட்ட ஹெக்டேர் என்று அறிக்கையில் எழுதக் கூடாது.